பதினொரு வாரம் கடல் சொன்னபடி கேட்டது

மாணவர்களை எட்டு வாரம் வைத்துக்கொள்வது எப்படி என்று கிரேவ்லி அறக்கட்டளை நான்கு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தது. ஒரு மாணவருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, நிழல், குடிநீர், ஒழுக்கமான சூழல், பயனுள்ள வேலை. முதல் ஐந்தையும் எப்படியோ ஏற்பாடு செய்துவிட்டோம். ஆறாவது எங்களுக்கே இருக்கவில்லை.

1958 ஜூலை. எங்கள் நிலையம் தஞ்சோங் ரூ கரையில் ஓடு வேய்ந்த ஒரு பழைய பங்களா. அதன் முன்னால் முன்னூறு அடி நீளத்துக்கு மரப்பலகைப் படகுத்துறை. நுனியில், கடலுக்குள் இறக்கிய ஒரு கம்பம். அதில் அடியும் அங்குலமும் கறுப்பு வெள்ளையில் தீட்டியிருக்கும். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து. ஞாயிறு தவிர தினமும் மூன்று முறை நான் நடந்து போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வந்து பதிவேட்டில் எழுத வேண்டும். அதே நேரத்துக்குக் கடல் எவ்வளவு உயரம் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணைப் புத்தகம் ஆண்டுக்கொன்று இங்கிலாந்திலிருந்து வரும். புத்தகம் சொன்னதற்கும் கடல் செய்ததற்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம் என்று பார்ப்பதுதான் நிலையத்தின் தொழில். கடல் புத்தகத்தை முழுதாக மதித்ததே கிடையாது. ஒரு நாள் இரண்டு அங்குலம் கூடும். மறுநாள் மூன்று அங்குலம் குறையும்.

நிலையத்தை நடத்துவதும் கிரேவ்லி அறக்கட்டளைதான். பல்கலைக்கழக மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பதும் அதுதான். நீண்ட விடுமுறையில் மாணவர்கள் சும்மா இருக்கிறார்கள், நிலையமும் சும்மா இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

நிலையத் தலைவர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்து நான்கு வயது, எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டியோடு வருவார். கடிதத்தைப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

“ஐசே அழகப்பன், நீர்தான் பொறுப்பு. உமக்கு வீட்டில சோலி ஒண்டும் இல்லைத்தானே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே பட்டது. கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டார். நான் கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். என் மனைவி மங்களம் போன நவம்பரில் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். பேரின்பநாயகம் மயானத்துக்கு வந்திருந்தார். அங்கேயும் கழுத்துப்பட்டியோடுதான்.

வந்தது இரண்டு பேர். ஜமால் முகம்மது, தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். எதைப் பார்த்தாலும் வாயைத் திறந்துவிடுவான். வள்ளிநாயகி, கேலாங் ஆற்றோரம் கால் நட்டுக் கட்டிய அத்தாப்பு ஓலை வீட்டிலிருந்து வருபவள், கேட்டால்தான் பேசுவாள். தகப்பனில்லை. அம்மா இட்லி அவித்து விற்கிறாள். பல்கலைக்கழகத்தில் இன்னும் ஓராண்டு பாக்கி. அந்த ஓராண்டுக்கு உபகாரச் சம்பளம் தொடர வேண்டுமானால், எட்டு வார முடிவில் அவள் ஓர் அறிக்கை எழுத வேண்டும். ‘திருப்திகரம்’ என்று நானும் பேரின்பநாயகமும் அதில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் தாய்மாமன் காத்திருக்கிறார். ஜோகூரில் மளிகைக்கடை. நாற்பது வயது.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. முதல் நாளே ஜமால் சொல்லிவிட்டான்.

“எனக்குன்னா பரவால்ல லா சார். ஃபெயிலானா எங்கத்தா துணி கிழிக்க வுட்டுடுவாரு. இவளுக்குத்தான், மாமா தராசும் கையுமா நிக்கிறாரு.”

“வாய மூடுறியா?” என்றாள் வள்ளிநாயகி. அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.

முதல் வாரம் பென்சில் சீவினார்கள். இரண்டாம் வாரம் கம்பத்துக்கு வர்ணம் அடித்தார்கள். மூன்றாம் வாரம் பேரின்பநாயகம் கடலின் மகிமை பற்றி ஒன்றரை மணி நேரம் உரையாற்றினார். ஜமால் குறிப்பெடுத்தான். பிறகு பார்த்தேன், பேரின்பநாயகத்தின் கழுத்துப்பட்டியைப் படமாக வரைந்திருந்தான். முடிச்சு தத்ரூபமாக வந்திருந்தது.

சனிக்கிழமைகளில் இருவரும் படிக்கட்டு கட்டக் கற்றுக்கொண்டார்கள். அது எங்கள் நிலையத்துக்கே உரிய முறை. வாரம் முழுதும் சேர்ந்த தாள்கள் சனி பன்னிரண்டே முக்காலுக்குப் பேரின்பநாயகத்தின் மேசைக்குப் போக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக, கீழ் ஓரத்தில் கையெழுத்துக்கான ஒரு விரற்கடை மட்டும் தெரிகிற மாதிரி, படிக்கட்டுபோல அடுக்க வேண்டும். அவர் பேனாவைத் திறந்து மேல் படியில் தொடங்கிக் கீழ்ப் படி வரை இறங்குவார். எந்தத் தாளையும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு மணிக்குப் பஸ்.

“படிக்க மாட்டாரா சார்?” என்று வள்ளிநாயகி கேட்டாள்.

“படித்தால் பொறுப்பு வந்துவிடும்” என்றேன்.

நான்காம் வாரம் பேரின்பநாயகத்துக்குப் பயனுள்ள வேலை ஒன்று தோன்றியது. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கடிதம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அட்டவணை தயாரிக்கும் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியது. 1957 நவம்பர் நடுவிலிருந்து 1958 ஜனவரி முடிய உங்கள் நிலையத்தின் அளவுகள் எங்கள் கணிப்போடு வியக்கத்தக்க விதத்தில் பொருந்தியிருக்கின்றன, உங்கள் கவனத்தைப் பாராட்டுகிறோம். அவர்களுடைய புத்தகம் சரி என்று சொன்னதற்காக எங்களைப் பாராட்டியிருந்தார்கள்.

“பிள்ளையள் ரெண்டு பேரும் உந்தப் பதினொரு கிழமையையும் ஆராயட்டும். அறக்கட்டளையில வாசிச்சால் எங்கட பேர் நிலைக்கும். என்ன சொல்லுறீர்?”

“சரி சார்” என்றேன்.

அந்தப் பதினொரு வாரமும் நான் கம்பத்தைப் பார்க்கவில்லை.

மங்களம் இறந்து மூன்று நாள் விடுப்பு. நான்காம் நாள் வேலைக்கு வந்தேன். கம்பம் முன்னூறு அடி தள்ளி இருந்தது. புத்தகம் மேசையில் இருந்தது. எட்டு மணிக்கு அதைப் பார்த்து எழுதினேன். பன்னிரண்டு மணிக்கும் அப்படியே. ஐந்துக்கும். சனிக்கிழமை பேரின்பநாயகம் கையெழுத்திட்டார். ஜனவரி கடைசியில் ஒரு நாள் புத்தகத்தை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நடந்து போய்ப் பார்த்தேன். அதன் பிறகு தினமும் போகிறேன். இதில் சொல்ல வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பஃபலோ ரோட்டில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே ஒரு காப்பிக்கடை. அங்கே உட்கார்ந்திருந்தேன். ஜமால் முன்னால் வந்தான். பின்னால் வள்ளிநாயகி, கையில் ஒரு நோட்டு. தேக்கா மார்க்கெட்டுக்கு வந்த கூட்டம் முழுதும் அவளை இடித்துக்கொண்டு போனது. அவள் நோட்டை மார்போடு பிடித்திருந்தாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க” என்றாள். “ஆபீஸ்ல கேக்க பயமா இருந்துச்சு. நான் எதையோ தப்பு பண்ணிட்டேன்.”

“உட்காருங்க. என்ன தப்பு?”

“பதிவேட்டப் பார்த்து அளவ ஒரு பக்கம் எழுதினேன். புத்தகத்தப் பார்த்து கணிப்ப இன்னொரு பக்கம் எழுதினேன். கழிச்சுப் பார்த்தா சைபர் வருது. எல்லாம் சைபர். ஒரே பக்கத்த ரெண்டு தடவை எழுதிட்டேன்னு நினைச்சு மறுபடியும் எழுதினேன். மூணு தடவை எழுதிட்டேன் சார். சைபர்தான்.”

“நூத்தித் தொண்ணூத்தெட்டு சைபர் சார்” என்றான் ஜமால். “எண்ணிட்டேன். அந்தக் கடலுக்கு நன்னடத்தைச் சர்ட்டிபிகேட் கொடுக்கலாம் லா. எங்கத்தா என்னைப் பத்திக் கனவு காண்ற மாதிரி இருந்திருக்கு.”

காப்பி வந்தது. நான் குடித்தேன்.

“அது மட்டுமில்ல சார்” என்றாள். நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். “டிசம்பர் இருபத்து மூணு, திங்கக்கிழமை. பகல் பன்னண்டு மணிக்குப் பத்தடி ரெண்டு இஞ்சுன்னு இருக்கு. புத்தகத்துலயும் அதே. ஆனா அன்னிக்குப் பன்னண்டு மணிக்கு எங்க வீட்டுக்குள்ள தண்ணி. அடுப்பு மிதந்துச்சு. இட்லிப் பானைய நான்தான் புடிச்சேன். பத்தடிக்கெல்லாம் எங்க வீட்டுக்குள்ள தண்ணி வராது சார். பதிவேட்டுல பத்தரை அடிக்கு மேல இருக்கற நாள்லதான் வந்திருக்கு.”

“மழைத் தண்ணியா இருக்கும்ல?” என்றான் ஜமால்.

“உப்புத் தண்ணிடா. மாவு பூரா உப்புக் கரிச்சுது.” என்னைப் பார்த்தாள். “அளவு எடுத்தது யாரு சார்? ஓரத்துல சின்னதா ஏதோ எழுத்து இருக்கு.”

அது என் எழுத்து. ‘அ’ என்று போடுவேன்.

“நாளைக்குப் பார்க்கலாம்” என்றேன்.

மறுநாள் பேரின்பநாயகமே அவளைக் கூப்பிட்டு அறிக்கை எவ்வளவில் இருக்கிறது என்று கேட்டார். அவள் பொய் சொல்லப் பழகாதவள். சைபரைப் பற்றிச் சொன்னாள், அடுப்பைப் பற்றிச் சொன்னாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

அவர் நெடுநேரம் அந்தச் சட்டம் போட்ட கடிதத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் பங்களா முழுதும் கேட்கும்.

“பிள்ளை, உம்மட அடுப்பு விஞ்ஞானம் இல்லை. விளங்குதோ? அளவும் கணிப்பும் ஒண்டு எண்டு எழுதும். வேற ஒண்டும் வேண்டாம். அப்பிடி எழுதினால் நான் கையெழுத்து வைக்கிறன். எழுதாட்டி நான் என்னத்துக்கு வைக்கிறது, சொல்லும் பாப்பம்?”

“ஆனா சார், அது நெசமில்லாட்டி?”

“எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லாத விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தை நான் எப்பிடி விசாரிக்கிறது?” என்னைத் திரும்பிப் பார்த்தார். அவசரமாகத் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நான் கம்பத்துக்குப் போனபோது இருவரும் பின்னால் வந்தார்கள். படகுத்துறைப் பலகைகள் சுட்டன. நான் தண்ணீரைப் பார்த்தேன். ஏழு அடி ஒரு அங்குலம்.

“அவர் சொன்ன மாதிரியே எழுதிடறேன் சார்” என்றாள் வள்ளிநாயகி. “நான் பாஸாகணும். கடல் எப்படி இருந்தா எனக்கென்ன?”

அவள் சொன்னது முழுக்க நியாயம். பதினொரு வாரம் நானும் அதையேதான் நினைத்தேன்.

“எழுதாதீங்க” என்றேன். “அந்த அளவெல்லாம் நான் எழுதினது. கம்பத்தைப் பார்க்காம, புத்தகத்தைப் பார்த்து.”

“எத்தனை நாள் சார்?”

“பதினொரு வாரமும்.”

ஜமால் கம்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சார், இவ்ளோ படிச்சிருக்கீங்க, பொய் எழுத வரலையே உங்களுக்கு. இங்க ஒரு இஞ்சு கூட்டி, அங்க ரெண்டு இஞ்சு குறைச்சுப் போட்டிருந்தா எந்த வெள்ளைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“கூட்டிக் கழிக்க வேண்டும் அல்லவா” என்றேன். அதற்கும் ஒரு முயற்சி தேவை. என்னிடம் அது இருக்கவில்லை.

வள்ளிநாயகி சிரிக்கவில்லை. “நான் உண்மைய எழுதினா அவரு கையெழுத்துப் போட மாட்டாரு. உங்க வேலையும் போயிடும். பொய்ய எழுதினா ரெண்டும் நிக்கும். நீங்களே எழுதாதேங்கறீங்க. ஏன் சார்?”

“அந்த அடுப்பு எவ்வளவு உயரத்தில் மிதந்தது?” என்று கேட்டேன்.

“அம்மா கோடு போட்டு வச்சிருக்காங்க.”

அவள் அம்மாவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் சமையல்கட்டுத் தூணில் கரியால் ஒரு கோடு. காய்ந்த பிறகு கத்தியால் கீறி, பக்கத்தில் மாதமும் தேதியும். அடுத்த முறை அரிசி மூட்டையை எந்தப் பலகையில் வைக்கலாம் என்று தெரிந்துகொள்ள. தூண் ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறது. எங்கள் கம்பத்தைப் போலவே. வர்ணம்தான் இல்லை.

கடல் ஏற்றம் நின்று தண்ணீர் அசையாதிருக்கும் நேரத்தில் ஆற்றின் வாயும் கடலும் ஒரே மட்டம். அமாவாசை கழித்து இரண்டாம் நாள், ஞாயிறு, ஏற்றம் பகல் பன்னிரண்டை ஒட்டி வந்தது. ஜமாலைப் படகுத்துறையில் நிறுத்தினேன். பன்னிரண்டு அடித்ததும் கம்பத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுத வேண்டும், புத்தகத்தைத் தொடக்கூடாது.

“புத்தகத்த ஆபீஸ்லயே வச்சிட்டுத்தான் சார் வந்திருக்கேன். உங்களப் பார்த்து பயந்துட்டேன்” என்றான்.

நான் அளவுகோலோடு கேலாங்குக்குப் போனேன். பலகைப் பாலத்தில் இரண்டு முறை வழுக்கினேன். வள்ளிநாயகியின் அம்மா செல்லக்கண்ணு சமையல்கட்டில் இருந்தாள். சார் வருகிறார் என்பதற்காகத் தரையைக் கழுவியிருந்தாள். தூணையும் கழுவியிருந்தாள்.

“அம்மா! கோட்ட அழிச்சிட்டியா?”

“அழிப்பேனாடி? கரி போச்சு, கீறல் இருக்கு பாரு. அழுக்குத் தூணையா சாருக்குக் காட்டுறது?”

கீறல் இருந்தது. பக்கத்தில் 12-23. அதற்குக் கீழே பழைய கீறல்கள் நாலைந்து. எல்லாவற்றிலும் மேலே நின்றது இதுதான்.

“மாசத்த மொதல்ல எழுதியிருக்கீங்களே?” என்றேன்.

“சீனன் காலண்டர்ல அப்படித்தான் இருக்கு.”

கைக்கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. வள்ளிநாயகி பின்படியில் இறங்கி, தண்ணீர் தூணைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் கோடிட்டாள். அங்கிருந்து கீறல் வரை நான் அளந்தேன். இரண்டு அடி ஒரு அங்குலம். மறுபடியும் அளந்தேன். அதேதான். பிறகும் ஒரு முறை அளந்தேன். வள்ளிநாயகி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லக்கண்ணு தட்டில் இட்லி வைத்தாள். “சாப்பிடுங்க சார். வீட்டம்மா சௌக்கியமா? கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

“இல்லைங்க. இறந்துட்டாங்க.”

“ஐயோ. எப்ப?”

“நவம்பர்ல.”

“போன நவம்பரா?” அவள் தூணைப் பார்த்தாள். “தண்ணி வந்துச்சே, அதுக்கு முந்தின மாசம்.”

“ஆமாம்.”

அவள் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். வள்ளிநாயகி நோட்டைத் திறந்து முதல் பக்கங்களைப் புரட்டினாள். சைபர்கள் எந்தத் தேதியில் தொடங்குகின்றன என்று பார்த்திருப்பாள். நோட்டை மூடினாள். அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஜமால் இரண்டு மணிக்கு வியர்க்க வியர்க்க வந்தான். “ஒம்பதடி நாலு இஞ்சு சார். ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். வேணும்னா சத்தியம் பண்றேன்.”

ஒன்பது அடி நான்கும் இரண்டு அடி ஒன்றும் பதினோரு அடி ஐந்து. டிசம்பரில் கடல் நின்ற உயரம் அது. என் பதிவேடு சொன்னது பத்து அடி இரண்டு. ஒரு அடி மூன்று அங்குலம் குறைவாக எழுதியிருக்கிறேன். அந்த ஒரு அடி மூன்று அங்குலத்துக்குள்தான் செல்லக்கண்ணுவின் அடுப்பு மிதந்திருக்கிறது.

அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பதினொரு வார அளவுகள் கணிப்பின் நகல், அவை அளவுகளே அல்ல. அந்தக் காலத்தில் நேரில் எடுக்கப்பட்டதாக நம்பக்கூடிய ஒரே அளவு, கேலாங் ஆற்றோர வீடொன்றின் தூணில் உள்ளது. ஆற்றில் மழைநீரும் சேர்ந்திருக்கலாம் என்பதால் அதிலும் சில அங்குலம் பிழை இருக்கக்கூடும். கடைசி வரியை வள்ளிநாயகிதான் சேர்த்தாள். தன் அடுப்பையே சந்தேகிக்கிற பெண் தேர்ச்சி பெறாவிட்டால் வேறு யார் பெறுவது என்று தோன்றியது.

நான் ஒரு தாள் இணைத்தேன். மேற்படி அளவுகள் என்னால் கம்பத்தைப் பாராமல் எழுதப்பட்டவை. பெயர், தேதி, கையெழுத்து. இதற்கென்று அச்சடித்த படிவம் ஒன்று எங்களிடம் இருந்தது: ‘அளவு தவறிய அறிவிப்பு’. அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பவில்லை.

ஆகஸ்ட் முப்பது, கடைசி சனிக்கிழமை. அறிக்கை திங்கள் காலை அறக்கட்டளையில் இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்குப் பேரின்பநாயகம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, எழுதியாச்சோ?”

“ஆச்சு சார்.”

“அழகப்பன் வாசிச்சவரோ?”

“வாசிச்சார் சார்.”

“திருத்தினவரோ?”

“ஒரு இடத்துல சார்” என்றாள். அது உண்மை. ஓரிடத்தில் எழுத்துப்பிழை இருந்தது.

“அப்ப சரி.” வள்ளிநாயகியின் கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. கேட்டு வாங்கிப் படித்திருக்கலாம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “படிக்கட்டில வையுங்கோ” என்றார்.

நான் அடுக்கவில்லை. என் கை ஏதாவது ஒரு தாளைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துவிடும் என்று தோன்றியது. வள்ளிநாயகியே அடுக்கினாள். பென்சில் கேட்புச் சீட்டு, மண்ணெண்ணெய்க் கேட்புச் சீட்டு, வாரப் பதிவேடு, ஜமாலின் ‘திருப்திகரம்’ சான்றிதழ், அவள் சான்றிதழ், அறிக்கை, என் தாள். ஏழு படி, ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை. நேர்த்தியாக இருந்தது. எட்டு வாரத்தில் அவர்கள் எங்களிடம் கற்றுக்கொண்டது அதுதான்.

பேரின்பநாயகம் மேல் படியில் தொடங்கினார். மூன்றாம் படியில் மை வற்றியது. பேனாவை உதறினார். ஜமால் உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தான். மை வந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாம் படியில் என் வாக்குமூலத்தின் அடியில் ‘சரிபார்த்து உறுதி செய்கிறேன்’ என்ற அச்செழுத்துக்கு மேல், அவருடைய கையெழுத்துகளிலேயே அழகான ஒன்று விழுந்தது. கடைசிப் படி என்பதால் வாலை நீட்டி இழுத்தார்.

“சந்தோஷம் பிள்ளையள். நல்லாப் படியுங்கோ” என்று குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

உறைகளை ஜமால் சைக்கிளில் கொண்டுபோய் அன்றே அறக்கட்டளையில் கொடுத்தான். வள்ளிநாயகி மேசையைத் துடைத்தாள். “வரேன் சார்” என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, “மத்தியானம் வெறும் காப்பியோட இருக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

நான் மேசை இழுப்பறையைக் காலி செய்து வைத்தேன். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

செப்டம்பர் மூன்றாம் வாரம் பதில் வந்தது. பேரின்பநாயகம் என்னை உள்ளே கூப்பிட்டார். கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது. நான் அப்படிப் பார்த்ததில்லை.

“ஐசே, நான் எதில கையெழுத்து வைச்சனான்?”

சொன்னேன். முழுதும் சொன்னேன். அவர் எழுந்தார், உட்கார்ந்தார். முப்பது வருஷ சேவை என்றார். நம்பின ஆள் என்றார். இப்பவே எழுதித் தாரும் ராஜினாமாவை என்றார். எழுதியே வைத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அது அவரை இன்னும் கோபப்படுத்தியது.

“கொஞ்சம் பொறும். உதை இன்னும் ஒருக்கா வாசிச்சுப் பாப்பம்” என்று கடிதத்தை எடுத்தார்.

இரு மாணவர்களின் உபகாரச் சம்பளமும் தொடரும். செல்வி வள்ளிநாயகியின் அறிக்கை இவ்வாண்டு வந்தவற்றில் மிகச் சிறந்தது. தன் பதிவேட்டின் பெருங்குறையைத் தானே மாணவர்களிடம் கொடுத்து ஆராயச் செய்து, நிலையத் தலைவரே கையொப்பமிட்டு ஒப்புக்கொண்ட நேர்மை, பிற நிறுவனங்களுக்கு எடுத்துக்காட்டு. இதை முன்னிட்டு, அடுத்த விடுமுறைக்கு ஆறு மாணவர்களை அனுப்புகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியர் தக்க மேற்பார்வையில் தொடரலாம். ஒரே ஒரு குறை: ‘காரணம்’ என்ற கட்டம் நிரப்பப்படவில்லை. நிரப்பி அனுப்பவும்.

‘எடுத்துக்காட்டு’ என்ற இடத்துக்கு வந்ததும் பேரின்பநாயகம் குரலை உயர்த்தினார். இரண்டு முறை வாசித்தார். என் ராஜினாமாவை நான்காக மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். மேசை கொஞ்சம் ஆடும்.

“தக்க மேற்பார்வை எண்டு கிடக்கு. ஆரை வைச்சு மேற்பார்க்கிறது? அடுத்த வருஷம் ஆறு பிள்ளையள் வருகினம்தானே. அவையளே உம்மைப் பாக்கட்டும்.”

“சரி சார்.”

“நாற்காலிதான் ஆறு வேணும்.” பேனாவைத் திறந்தார். “இந்தக் காரணம் எண்ட இடத்தில என்னத்தை எழுதுறது?”

அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை. கழுத்துப்பட்டியை மெல்ல இறுக்கினார்.

“கிடக்கட்டும்” என்றார். “கேட்டால் பிறகு பாப்பம்.”

மறுவாரம் அந்தக் கடிதத்தையும் சட்டம் போட்டு மாட்டினார். பழைய கடிதத்தைக் கழற்றவில்லை. அந்தப் பதினொரு வாரத்தின் துல்லியத்துக்கு ஒரு பாராட்டு, அந்தப் பதினொரு வாரமும் பொய் என்று கண்டுபிடித்ததற்கு ஒரு பாராட்டு. இரண்டும் ஒரே உயரத்தில் தொங்குகின்றன. மாட்டுவதற்குமுன் அவரே அளவுகோல் வைத்து அளந்தார்.

பதிவேட்டில் அந்தப் பக்கங்களைச் சிவப்பு மையால் அடித்தேன். அடிக்காமல் விட்டது ஒரு கட்டம். டிசம்பர் இருபத்து மூன்று, பகல் பன்னிரண்டு. பழைய எண்ணுக்கு மேல், அறிக்கை எழுதிய நாட்களிலேயே வள்ளிநாயகி சேர்த்த சின்ன எழுத்தில் பதினோரு அடி ஐந்து என்று இருக்கிறது. ஓரத்தில் என் ‘அ’வை அடித்திருக்கிறாள். ‘செ’ என்று போட்டிருக்கிறாள். அளவெடுத்தவர் பெயரின் முதல் எழுத்துதான் அங்கே வர வேண்டும்.

மை உலர்ந்தபோது பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. எழுந்து படகுத்துறையில் நடந்தேன். புத்தகம் ஆறு அடி ஒன்பது என்று சொல்லியிருந்தது. கம்பத்தில் ஏழு அடி இருந்தது. வந்து ஏழு என்று எழுதினேன்.